எதிரில்லாத வார்டு

“அதனாலே நீ எழுது மக்ளே. என் சொந்த இஷ்டப்படி பின்வாங்குகேன்னு போடு. யாரும் நிர்ப்பந்திக்கல்லைன்னும் சேத்துப் போடு.”

“யாருமே நிர்ப்பந்திக்கல்லியா?”

“யாரு வந்து என் கையைப் பிடிச்சு முறுக்கினா? கண்டவங்க எல்லாம் சிரிச்சாங்க, அவ்வளவுதான். சிரிச்சதுக்குக் கேஸ் கொடுக்க முடியுமா?”

“நான் எழுதமாட்டேன்.”

“பின்னே என் மலையாளத்திலே நானே எழுதிக் கொடுத்தா, ஆபீசர் அதை மருந்துச் சீட்டுன்னு நினைச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவாரு. எழுது பிள்ளே.”

ரத்னாபாயம்மா இதைச் சொல்லும்போது கொதித்த தண்ணீரிலிருந்து கத்தரிக்கோல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய மேசையில், எழுதாத ஒரு வெள்ளைத்தாளின் முன் உட்கார்ந்திருந்தேன். நான்கு நாளைக்கு முன் இதே மேசையில்தான் அவருடைய நாமினேஷனை எழுதினேன். அன்று பேனா தானாக ஓடியது. இன்று மையைத் தொடவே மனம் வரவில்லை.

அவர் நாகர்கோவில் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் படித்து, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் திருவனந்தபுரத்துக்கு வந்த மிட்வைஃப். ஆரியசாலையில் எங்கள் உப்புக்கடைத் தெருவிலும் அதன் பின்சந்துகளிலும் இன்று ஓடியாடுகிற பிள்ளைகளில் பாதிப்பேர் அவர் கையில் விழுந்தவர்கள். நானும் அப்படித்தான். என் பெயர் முத்தாரம்மாள், அவருக்கு முத்து.

முனிசிபாலிட்டிக்கு அவர் நிற்கப் புறப்பட்ட காரணம் ஒரு குழாய். பின்சந்தில் நாற்பது வீடுகளுக்கு ஒரே குழாய்தான் உண்டு. வெயில் ஏறினால் அதுவும் காற்றைத்தான் ஊதும். போன மாதம் அங்கே ஒரு பிரசவத்துக்குப் போனார். அடுப்பில் வெறும் பானை. “பிள்ளை வந்தாச்சு, தண்ணி வரல்லை” என்று பிற்பாடு என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு முடிந்ததும், “நாமினேஷன்னா என்ன முத்து, எங்கே கொடுக்கணும்?” என்று கேட்டார்.

எங்கள் வார்டின் மெம்பர் தாணுலிங்கம் பிள்ளை. மிளகும் சுக்கும் மொத்த வியாபாரம். கெட்டவர் என்று யாரும் சொல்லமுடியாது. மூன்று தடவையும் எதிரில்லாமல் வந்தவர். மற்ற வார்டுகளில் கல்லெறியும் வசைப்பாட்டுமாக எலக்‌ஷன் நடக்கும்போது, எங்கள் கடைக்காரர்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டு, “நம்ம வார்டிலே அந்த வழக்கம் கிடையாது” என்பார்கள். அதில் ஒரு பெருமை. ஒரு கல்யாணத்தைச் சண்டையில்லாமல் நடத்தி முடித்த வீட்டாரின் பெருமை மாதிரி.

நாமினேஷன் கொடுத்த பிறகு மூன்று நாள் நாங்கள் இருவரும் வீடுவீடாகப் போனோம். போன இடமெல்லாம் காப்பி கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சு.

“எங்களுக்கு நீங்க வேண்டாம்னு இருக்குமா நர்ஸம்மா? ஆனா எல்லாரும் பிள்ளைவாள் பக்கமல்லே. எதுக்குச் சும்மா பேரைக் கெடுத்துக்கிடணும்?”

இருபத்தாறு வீடு. வெளியே வந்து யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. இருபத்தாறு வீட்டிலும் ஒருவர்கூட, ‘நான் பிள்ளைவாள் பக்கம்’ என்று சொல்லவில்லை. ‘எல்லாரும்’ என்றுதான் சொன்னார்கள். அந்த எல்லாரும் எந்த வீட்டில் குடியிருக்கிறார்கள்? இந்த வார்டில் ஒரு தடவையாவது எண்ணிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். வோட்டுப்பெட்டியே இந்தப் பக்கம் வந்ததில்லை.

“நர்ஸம்மா, பின்வாங்க நாளைக்கு மூணு மணி வரைக்கும் நேரம் உண்டு” என்றேன், அந்த வெள்ளைத்தாளைத் தள்ளி வைத்து. “அதுவரை பொறுங்க.”

“மூணு மணிக்குள்ளே என்ன மாறப்போகுது? பத்து வோட்டு வாங்கித் தோத்தேன்னா, அப்புறம் பிரசவ வீட்டிலே நான் ‘வெந்நீர் வை’ன்னு சொன்னாக்கூட, ‘யாரு, அந்தப் பத்து வோட்டுக்காரியா’ன்னு கேப்பாங்க. அவங்க நம்பிக்கையிலேதான் என் தொழில் ஓடுது, முத்து.”

அது உண்மை. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

லைப்ரரியிலிருந்து எடுத்து நான் வாசிக்கிற நாவல்கள் எல்லாம் தூரதேசத்தவை, யாரோ எங்கிருந்தோ மொழிபெயர்த்தவை. அவற்றில் ஜனங்களின் மனசு மாறினால் உடனே தெரியும். பனி கொட்டுகிற சதுக்கத்தில் கூடிவிடுவார்கள். கொடி இருக்கும், ஒருவர் வண்டியின் மேல் ஏறிப் பேசுவார். எங்கள் தெருவில் பனியும் இல்லை, சதுக்கமும் இல்லை. மிளகாய் நெடியில் யாராவது வண்டிமேல் ஏறினால் தும்மல்தான் வரும். இங்கே மனசு எந்த வழியாக வெளியே வரும் என்று யோசித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சித்தப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவர் தோளில் துண்டு கிடந்தது.

சித்தப்பா திரவியம், ஆரியசாலையில் தரகர். மலைச்சரக்குக்கு இங்கே வாயால் விலை பேசுவதில்லை. விற்கிறவன் கையும் தரகன் கையும் ஒரு துண்டுக்குக் கீழே போகும். விரலைத் தொட்டு, பிடித்து, விட்டு விலை சொல்வார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வாய் மட்டும் மேலே சம்பந்தமில்லாமல் மழையைப் பற்றியோ மகள் கல்யாணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கும்.

“சித்தப்பா, துண்டு போட்டு விலை மட்டும்தான் கேக்கலாமா?”

“பின்னே, ஜாதகமா கேப்பாங்க?”

“நாளைக்கு நீங்க கை பிடிக்கிற ஆட்கள்கிட்டே வேற ஒண்ணும் கேளுங்களேன். ஒரு விரல்னா பிள்ளைவாள். ரெண்டு விரல்னா நர்ஸம்மா.”

சித்தப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. “பதினெட்டு வருஷமா பிள்ளைவாள் அண்ணாச்சிக்கு நான் தரகு பாக்கேன். உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“ரெட்டைப் பிள்ளையிலே ரெண்டாவது குறுக்கே கிடந்து நான் போகப் பாத்தேனே, அன்னைக்கு அண்ணாச்சியா வந்து எடுத்தாரு?” என்று உள்ளேயிருந்து பகவதியம்மாள் சித்தி கேட்டார்.

“உனக்கென்ன டீ, நீ உள்ளே இருந்துக்கிட்டு...”

“எனக்கு வோட்டு உண்டு. வீடு எங்க அம்மை எனக்குத் தந்த வீடு, கேட்டேரா? உமக்காவது துண்டு இருக்கு. எனக்கு வாயே போதும்.”

சித்தப்பா ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார்.

“கேக்கேன்” என்றார் கடைசியில். “ஆனா என்ன விழுந்துதுன்னு யார்கிட்டேயும் சொல்லமாட்டேன். துண்டுக்குள்ளே விழுந்தது துண்டோட போகணும். அதை வெளியே விட்டா நாளைக்கு எவன் எனக்குக் கை தருவான்?”

சரி என்று தலையாட்டினேன். கேட்டு முடித்த பிறகு எப்படியும் என்னிடம் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். நான் தரகர் வீட்டில் வளர்ந்தவள், அப்படி நினைத்திருக்கக்கூடாது.

மறுநாள் காலை மச்சு ஜன்னலில் உட்கார்ந்தேன். கீழே தெரு முழுவதும் சாக்கு, கைவண்டி, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களின் சத்தம். சித்தப்பா முதலில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே வற்றல் மிளகாய்க் கடை சத்தியநேசன் நாடாரிடம் போனார். துண்டு விரிந்தது. இரண்டு கைகளும் கீழே போயின. சித்தப்பா அவர் காதோடு ஏதோ சொன்னார்.

சத்தியநேசன் நாடாரின் புருவம் ஏறியது. உடனே தெருவுக்கே கேட்கும்படி, “தாணுலிங்கம் பிள்ளைவாள் இருக்கும்போது நமக்கு வேற ஆளு எதுக்கு, ஏன் திரவியம்?” என்று சத்தம் போட்டார். கையை எடுக்கப் பார்த்தார். சித்தப்பா விடவில்லை.

“மழை இந்த வருஷம் முந்தி வரும்போலிருக்கு” என்றார் சித்தப்பா.

“ஆமா, முந்தித்தான்.”

“பேச்சிப்பாறையிலே தண்ணி எப்படி?”

“கிடக்கு, கிடக்கு.”

கை துண்டுக்குள்ளேயே இருந்தது. நாடார் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு துண்டு லேசாக அசைந்தது. அவர் முகத்தில், நல்ல விலைக்குச் சரக்கை முடித்தவனுக்கு வருகிற ஒரு சிரிப்பு வந்து உடனே மறைந்தது. சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்தார்.

இப்படியே கடை கடையாக. எல்லார் வாயும் மேலே பிள்ளைவாள் புகழ் பாடியது. “ராஜா மாதிரி மனுஷன்!” “ஏகமனசா நிக்கிற வார்டு நம்ம வார்டு!” யார் கையையும் சித்தப்பா உடனே விடவில்லை. மழை, பேச்சிப்பாறை, சாலைக் கோயில் உற்சவம் என்று பேசிக்கொண்டே பிடித்திருந்தார். பிறகு ஒரு அசைவு. சிலரிடம் அந்த அசைவு சீக்கிரம் வந்தது. சிலரிடம் ரொம்ப நேரம் ஆயிற்று. தேங்காய் எண்ணெய்க் கடைக்காரர் மட்டும் நடுவில் குழம்பிப்போய், “என்னய்யா, எண்ணெய்க்கா கேக்கீரு? அந்த விலைக்கு நான் தரமாட்டேன்!” என்று கத்தினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சித்தப்பா அவர் காதில் மறுபடியும் ஓதவேண்டி வந்தது.

பன்னிரண்டு மணிக்கு அவர் சாப்பிட வந்தபோது நான் படியிலேயே நின்றேன்.

“எத்தனை பேர்கிட்டே கேட்டீங்க?”

“நாப்பத்தி மூணு.”

“ஒரு விரல் எத்தனை?”

அவர் கால் கழுவினார்.

“சித்தப்பா!”

“நேத்தே சொன்னேனா, இல்லையா?”

“மூணு மணிக்கு அவங்க எழுதிக் கொடுத்திருவாங்க. இதுக்காகத்தானே கேக்கச் சொன்னேன்!”

“கேக்கச் சொன்னே, கேட்டேன்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சித்தி அடுப்படியிலிருந்து அவரைப் பார்த்த பார்வையில் அன்றைய சோறு அவருக்குக் கிடைக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

“ஒண்ணு சொல்லலாம்” என்றார் மெதுவாக. “தொட்ட உடனே காட்டுகது விலையில்லை. அது சும்மா மரியாதைக்கு. எந்தச் சரக்குக்கும் அப்படித்தான். அதை யார் சொன்னாலும் குத்தமில்லை.”

“அதிலே?”

“அதிலே நாப்பத்தி மூணு பேரும் ஒரு விரல்தான்.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் விழுந்ததுதான் விலை. அதைக் கேக்காதே.”

நாற்பத்து மூன்று பேரிடமும் அதற்கப்புறம் என்று ஒன்று இருந்திருக்கிறது. அது பழைய விரலே திரும்ப வந்ததா, வேறு விரலா, எத்தனை பேருக்கு எது? ஒன்றும் தெரியாது. ஆனால் முதலில் சொன்னது ஒருவருக்கும் முடிவான விலை இல்லை.

இரண்டு மணிக்கு நான் முனிசிபல் ஆபீசுக்குக் கிளம்பினேன். “தனியாப் போகாண்டாம்” என்று சித்தப்பாவும் பின்னாலேயே வந்தார். அவர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. சித்தி சோறு போட்டிருந்தார், மோர் ஊற்றவில்லை.

தெருவில் இறங்கியதும் ஏதோ மாறியிருந்தது. முதலில் எனக்குப் பிடிபடவில்லை. வெயில் ஏறிய பிறகு ஆரியசாலையில் வியாபாரம் கிடையாது. சாக்குமேல் படுத்துத் தூங்குவார்கள். அன்று யாரும் தூங்கவில்லை. சத்தியநேசன் நாடார் பக்கத்துக் கடைக்காரரின் கையைத் தன் துண்டுக்குள் பிடித்துக்கொண்டிருந்தார். “வெயிலு கூடுதல்” என்றார் ஒருவர். “கூடுதல்தான்” என்றார் மற்றவர். நாலு கடை தள்ளி இன்னொரு துண்டு. புளிக்கடை வாசலில் இரண்டு சுமட்டுக்காரர்கள் தலைச்சும்மாட்டுத் துணியைப் பிரித்து, அதற்குள்ளே கையை விட்டுக்கொண்டு சின்னப்பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள்.

“ஐயோ, இதென்ன எளவு!” என்றார் சித்தப்பா. “நான் தொழிலுக்குச் செய்கதை இவனுக வெளையாட்டாக்கிட்டானுக.”

பின்சந்து முனையில் குழாய். தண்ணீர் வரவில்லை, குடங்கள் வரிசையில் நின்றன. இரண்டு பெண்கள் ஒரே முந்தானைக்குக் கீழே கைகோத்து நின்றார்கள். ஒருத்தி, “அடி, நீயுமா?” என்றாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

யாரும் மொத்தக் கணக்கு எடுக்கவில்லை. ஒருவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் கையில் தொட்ட இரண்டு மூன்று பேரின் விரல் மட்டும். ஆனால் நேற்றுவரை அதுகூடத் தெரியாது. காலையில் பிள்ளைவாள் பெயரைக் கூவிய அதே கடைகளைத் தாண்டி நடந்தேன். யாரும் எதையும் கூவவில்லை.

முனிசிபல் ஆபீஸ் வராந்தாவில் தாணுலிங்கம் பிள்ளை நின்றிருந்தார். வெள்ளை ஜிப்பா, தோளில் சரிகை நேரியல். அவரோடு வந்த நாலைந்து பேர் வாழையிலையில் சுற்றிய ரோஜா மாலையோடு மணி மூன்றாகக் காத்திருந்தார்கள். எதிர்ப் பெஞ்சில், கருப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு ரத்னாபாயம்மா. கையில் மடித்த தாள். நான் எழுத மறுத்ததை வக்கீல் குமாஸ்தா ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நான் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. கடிகாரத்தில் மூன்றுக்குப் பதினைந்து நிமிஷம் இருந்தது.

“என்ன மக்ளே? சித்தப்பா துண்டு போட்டுக் கேட்டாராமே. அங்கே பிரசவத்துக்குப் போன வீட்டிலே சொன்னாங்க. என்ன தெரிஞ்சுது?”

“ஒண்ணும் தெரியல்லை.”

“ஒண்ணுமா?”

“சித்தப்பா சொல்லமாட்டேங்காரு. நாப்பத்தி மூணு பேரிலே நமக்கு மூணா, நாப்பதா, எனக்குத் தெரியாது.” நான் பொய் சொல்லியிருக்கலாம். வரும் வழியெல்லாம் ஒரு பொய்யை உருட்டிக்கொண்டுதான் வந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது நாக்கில் ஏறவில்லை. “ஆனா ஒண்ணு, நர்ஸம்மா. நேத்து வரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துது. இன்னைக்கு யாருக்கும் தெரியல்லை. கடையிலே, குழாயடியிலே, ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காங்க.”

“என்னன்னு?”

“நீயுமான்னு.”

ரத்னாபாயம்மா தாளின் மடிப்பை விரலால் நீவினார்.

“ஏழாம் மாசத்திலே வயித்தைப் பாத்துட்டு ஊரே சொல்லும், ஆணுதான்னு” என்றார். “நடையைப் பாத்துச் சொல்லும், மசக்கையைப் பாத்துச் சொல்லும். நான் மட்டும் வாயைத் திறக்கமாட்டேன். இருபத்திரண்டு வருஷமா ஒரு வீட்டிலேயும் சொன்னதில்லை. வெளியே வந்தாத்தான் தெரியும்னு இருந்துருவேன்.” தாளை ஒருமுறை பிரித்துப் பார்த்தார். “இதிலே மட்டும் நானே முந்திரிக்கொட்டை மாதிரி முன்னாலே சொல்லிட்டேன் போலிருக்கு.”

“பத்து வோட்டு விழுந்தா?”

“பத்து வீட்டிலே என் பேச்சுக்கு வெந்நீர் வைப்பாங்க. மத்த வீட்டிலே நானே வச்சுக்கிடுகேன்.”

உள்ளேயிருந்து கிளார்க் எட்டிப் பார்த்து, “பின்வலிக்கான் ஆரெங்கிலும் உண்டோ?” என்று கேட்டார், பின்வாங்க யாராவது உண்டா என்று.

மாலை வைத்திருந்தவர் இலையைப் பிரிக்கத் தொடங்கினார். பிள்ளைவாள் ரத்னாபாயம்மாவைப் பார்த்தார்; ஒரு பெரியமனுஷன், வண்டியில் இன்னொருவருக்கு இடம் விடுகிறவர் மாதிரி, அன்பாகத்தான் பார்த்தார்.

ரத்னாபாயம்மா கருப்புப் பையைத் திறந்தார். தாளை நான்காக மடித்து, கத்தரிக்கோல்களுக்கும் பஞ்சுக்கும் நடுவே செருகிப் பையை மூடினார்.

“இல்லா” என்றார், தன் நாகர்கோவில் மலையாளத்தில்.

கிளார்க் கடிகாரத்தைப் பார்த்து நின்றார். மணி மூன்று அடித்தது. கிளார்க், “ஆறாம் வார்டில் வோட்டெடுப்பு” என்று உள்ளே யாரிடமோ சத்தமாகச் சொன்னார். அந்த வார்த்தையை எங்கள் வார்டின் பெயரோடு சேர்த்து நான் கேட்பது அதுதான் முதல் தடவை. எங்கேயோ ஒரு பெட்டியைச் செய்யச் சொல்வார்கள், அல்லது பழைய பெட்டி ஒன்றைத் தூசி தட்டுவார்கள். எங்கள் தெருவுக்கு அது வரும். பின்சந்துப் பெண்கள் அதன் முன்னால் வரிசையில் நிற்பார்கள். வரிசையில் நிற்பது அவர்களுக்குப் பழக்கம்தான். இந்தத் தடவை குடம் இருக்காது.

மாலைக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் இலையைத் திரும்பச் சுற்றினார். ரத்னாபாயம்மா எழுந்து, பிள்ளைவாளுக்குக் கைகூப்பினார். அவரும் கூப்பினார். பிறகு பிள்ளைவாளின் கண் தூணோரமாக நின்ற சித்தப்பாவின்மேல் விழுந்தது.

அவர் மெதுவாக நடந்து வந்தார். ஜிப்பா மார்போடு வியர்வையில் ஒட்டியிருந்தது. இவ்வளவு பக்கத்தில் நான் அவரைப் பார்த்ததில்லை. அவருக்குக் கண்ணுக்குக் கீழே இவ்வளவு சுருக்கம் உண்டென்று எனக்குத் தெரியாது.

“திரவியம்.”

“அண்ணாச்சி.”

“காலையிலே நாப்பத்தி மூணு பேரைக் கேட்டீராம். என் குடோன் கணக்குப்பிள்ளைகிட்டேகூடக் கேட்டீராம். என்னை மட்டும் கேக்கல்லை.”

சித்தப்பா தரையைப் பார்த்தார். கை தானாகத் தோளுக்குப் போய்த் துண்டை எடுத்தது.

பிள்ளைவாள் அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“துண்டு வேண்டாம் ஓய். ஊர் சொன்னது எனக்குத் தெரியாண்டாம், அதை நீர் சொல்லமாட்டீர், சொல்லவும் கூடாது. நம்ம ரெண்டு பேருக்கும் பதினெட்டு வருஷம் ஆச்சு. உம்ம விரல் எதுன்னு மட்டும், இங்கே நின்னு, வாயாலே ஒருதடவை எனக்குச் சொல்லும்.”